தாமதம்: நான்கு நிமிடம்

லியெபாயாவில் டிராம் தடம் ஒன்றே ஒன்று.
போகும், திரும்பும்.
வழி தவறக்கூட முடியாத வேலை.
பதினோரு வருடம் ஓட்டியாயிற்று,
எழுதவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று பிப்ரவரி.
கடற்காற்று மேல்கம்பியை உலுக்கி உலுக்கித்
தீப்பொறி உதிர்த்துக்கொண்டிருந்தது.
சந்தை நிறுத்தம் தாண்டியதும்
ஒரு மனிதர் தடத்தில் இறங்கி நின்றார்.
தடுக்கி விழவில்லை. ஓடவில்லை. நின்றார்.
மணியடித்தேன், மணல் கொட்டினேன்,
பிரேக்கின்மேல் உடம்பு முழுவதையும் ஏற்றினேன்.
அவர் கோட்டுப் பொத்தானுக்கும் என் கண்ணாடிக்கும் நடுவே
ஒரு ரொட்டித்துண்டு போகும். இரண்டு போகாது.

அவர் தொப்பியைக் கழற்றினார்,
எனக்கு மரியாதை செய்வதுபோல,
அல்லது காதில் பனி புகுந்துவிட்டதுபோல.
மறுபடி போட்டுக்கொண்டார்.
மீன்கடைப் பக்கம் நடந்து போனார்.
மறு கையில் ஒரு மேசைவிளக்கு.
அதன் வயர் பின்னாலேயே தரையில் இழுபட்டுக்கொண்டு போயிற்று.

பணிமனையில் படிவம் நீட்டினார்கள்.
காயம்: இல்லை.
சேதம்: இல்லை.
தாமதம்: நான்கு நிமிடம்.
நிகழ்ந்ததைச் சுருக்கமாக எழுதவும்:
கீழே இரண்டே கோடு.
ஒருவர் தடத்தில் நின்றார், என்று முதல் கோட்டில்.
பிறகு போய்விட்டார், என்று அடுத்ததில்.
மேற்பார்வையாளர் குந்திஸ் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:
"நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை."

அந்த ஒன்றும் என்னைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் என் தங்கை இந்தா
நான் சொன்னதை எல்லோருக்கும் சொன்னாள்.
அவள் வாயில் அவர் குடிகாரர் ஆகியிருந்தார்.
உருளைக்கிழங்கு புரையேறும்வரை சிரித்தார்கள்.
குடித்தவன் விளக்கை அப்படி அணைத்திருப்பானா?
பிள்ளையை ஏந்துவதுபோல,
பல்பு நெஞ்சுப் பக்கமாக?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
முதல் பக்கம் எழுதியது தங்கைமேல் வந்த ஆத்திரத்தில்தான்,
பணிப்பட்டியலின் பின்புறத்தில், பென்சிலால்.
கலை, மானுடம் என்பதெல்லாம்
யாராவது பேட்டி எடுத்தால் சொல்லலாம்.

அவருக்கு ஆல்ஃபோன்ஸ் என்று பெயர் வைத்தேன்.
மனைவி போய்விட்டாள் என்று எழுதினேன், கிழித்தேன்.
பந்தயம் கட்டினார் என்று எழுதினேன், அதையும் கிழித்தேன்.
மூன்று தடவை அவரைச் சாகடித்தேன்.
மூன்று தடவையும் நானே பிரேக் பிடித்தேன்.

வியாழன் மாலை நூலகத்தில் ஆறுபேர் கூடுகிறோம்.
பல்மருத்துவர் ஸிக்மார்ஸ் எதையும் ஒளிப்பதில்லை:
"தெருவில் நாலுபேர் திரும்பிப் பார்க்கணும், அவ்வளவுதான்."
டைனா காரணம் ஏதும் சொல்வதில்லை.
அவள் கதையில் வரும் பையனுக்கு
வருடத்துக்கு ஒரு வயது கூடுகிறது.
ஏரியில் பனி உடைந்தபோது அவனுக்கு ஒன்பது.
இந்த இலையுதிர்காலத்தில் மீசை அரும்பியிருக்கிறது,
ஷேவ் செய்யத் தெரியாமல் தாடையில் கீறிக்கொண்டான்.
நாங்கள் காற்புள்ளிகளைப் பற்றி மட்டும் பேசினோம்.

"கதை அளக்கிறாய்" என்கிறாள் இந்தா.
அளந்துகொண்டுதான் இருக்கிறேன்.
நான்கு நிமிடத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்திருக்கிறது.
கழற்றிய தொப்பியை ஆல்ஃபோன்ஸ் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் அவர் என் டிராமில் ஏறினார்.
அதே தொப்பி. கையில் விளக்கு இல்லை, ஒரு கட்டு வெங்காயத்தாள்.
சில்லறையை எண்ணிக் கொடுத்தார், சீட்டு கொடுத்தேன்.
கேட்டிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது.
அவர் பதில் சொல்லிவிட்டால்
அது இரண்டு கோட்டுக்குள் அடங்கிப்போகுமோ என்று பயமாக இருந்தது.

பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினார்.
கதவைத் தேவைக்குமேல் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தேன்.
குளிர் உள்ளே வந்தது.
பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரனை அழுத்தினான்,
எடுக்கவேயில்லை கையை.