ஓ-வின் தலையில் இரண்டு புள்ளி

ஔலு நகரம். கூழ் ஆலை, ஆய்வகத்தின் பின்னறை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கந்தக வாடையைப் பணத்தின் வாசனை என்பார்கள் ஊரில்;
பணம் எனக்கு மூக்கோடு நின்றுவிடும்.
மேசைக்கடியில் யூனிக்ஸ்:
இருபது மெகாபைட் வட்டு, அரை மெகாபைட் நினைவு,
விலை, என் நான்கு வருடச் சம்பளம்.

இரண்டு திரைகள். ஒன்று எனக்கு.
சுவருக்கு அப்பால் மற்றது தைஸ்தோ கெர்வினனுக்கு.
இரவு முழுக்கக் கூழின் வெண்மையை
எண்ணாக்கி உள்ளிடுபவர்.
நான் கம்பைல் செய்யத் தொடங்கினால்
அவர் எழுத்து அங்கே உறைந்துவிடும்.
சுவரில் இரண்டு தட்டு.
நான் காபி போடப் போவேன்.
உலர்ந்த கம்பு ரொட்டியைத் தனியாக ஒருவர்
மெல்வதுபோல் வட்டு மென்றுகொண்டிருக்கும்.

விசைப்பலகை பின்னிஷ் பேசும். இயந்திரம் பேசாது.
ஒரு கட்டளையின் வாயை
இன்னொன்றின் காதில் பொருத்தும் குழாய்க்கு
அமெரிக்கர்கள் நெடுங்கோடு போடும் இடத்தில்
எங்கள் திரையில் ஓர் ஓ,
தலையில் இரண்டு புள்ளியோடு.
என் சி நிரல்கள் எல்லாம்
புள்ளி வைத்த ஆ-வில் திறந்து
ஸ்வீடன்காரர்களின் வளையம் வைத்த ஆ-வில் மூடும்.
ஆறு மாதத்தில் கண் பழகிவிட்டது.
எழுத்தைப் பார்ப்பேன், குழாயைப் படிப்பேன்.

தைஸ்தோ பழகவில்லை.
என் நிரலின் நடுவே, எந்த வரி என்றில்லாமல்,
அவர் அனுப்பும் செய்தி வந்து விழும்:
காபி மிச்சம் இருக்கா.
நான் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி வரைவேன்.

ஜனவரி ஒன்பது, இரண்டு மணி பத்து.
மின்சாரம் போய், வந்தது.
இயந்திரம் எழுந்து கேள்வி கேட்கத் தொடங்கியது.
முதல் கட்டம். இரண்டாம் கட்டம்.
மூன்றாவதில் நின்றது:
எந்தக் கோப்பகமும் உரிமை கோராத கோப்பு ஒன்று,
சொந்தக்காரர் கெர்வினன், எண் 214.
மீண்டும் இணைக்கவா?
ஒய்.

தொலைந்து கிடைத்தவற்றின் கோப்பகத்தில்
பெயர் இல்லாமல் எண்ணோடு கிடந்தது.
ஒரு கோப்புக்குத் தன் பெயர் தெரியாதென்பதே
எனக்கு அன்றுதான் தெரியும்.
பெயரை வேறெங்கோ வேறு யாரோ
வைத்திருக்கிறார்கள்; அது போனால் போயிற்று.

ரூட் கடவுச்சொல் என்னிடம்.
என்னவென்று பார்த்தால்தானே பெயரிட முடியும்,
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறந்தேன்.
வெண்மை எண்கள் இல்லை.
கெமி ஆலைக்கு விண்ணப்பம், அக்டோபர் தேதியிட்டு:
பகல் ஷிப்ட் என்றால் சம்பளம் குறைந்தாலும் சரி.
காரணம்:
அதற்குப் பிறகு வெறும் வரிகள். பதினோரு வெற்று வரிகள்.
எண்ணினேன்.

சுவரில் இரண்டு தட்டு. வந்துடுச்சா?
வந்துகொண்டிருக்கிறது, என்றேன்.

அவர் கோப்பகத்துக்கு அதை நகர்த்தக் கட்டளை அடித்தேன்.
பெயருக்கு விரல்கள் என்னைக் கேட்கவில்லை.
இரவு என்று அடித்தன, எங்கள் மொழியில்:
இரண்டே எழுத்து, கடைசியில் அந்த ஓ.
என்டர்.
அம்புக்குறி ஒன்று அடுத்த வரியில் வந்து நின்றது.
எனக்கு அது இரவு;
இயந்திரத்துக்குத் திறந்த குழாய்.
எதில் ஊற்றுவது என்று அது காத்திருந்தது.
நானும் கொஞ்ச நேரம்.

பிறகு ரத்து செய்தேன். 214 என்றே வைத்தேன்.
சிங்க், சிங்க், சிங்க்.
ஒருமுறை போதும் என்பார்கள்;
மூன்றுமுறை அடிக்காதவர் எவரையும் நான் கண்டதில்லை.

காலையில், கோட்டு மாட்டும் கொக்கிகளின் அருகே
பனிக்காலணியின் நாடாவை இழுத்துக்கொண்டே கேட்டார்:
எண் போட்ட கோப்பு ஒன்று இருக்கே, திறந்து பார்த்தியா?
இல்லை, என்றேன்.
தலையாட்டினார். இரண்டாவது காலணிக்குக் குனிந்தார்.

மதியம் வீட்டில், தூக்கம் வராமல்
கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கையில் நினைவு வந்தது:
பெயர் மறந்தாலும், யார் என்று தெரியாவிட்டாலும்
கடைசியாகத் தான் வாசிக்கப்பட்ட நிமிடத்தை
ஒவ்வொரு கோப்பும் குறித்து வைத்திருக்கும்.
கேட்டால் சொல்லும்.
மூன்று நாற்பது.