நாற்பத்தோராவது குழாய்

பிஷ்கெக்கில் ஜனவரி.
நிலக்கரிப் புகை
ஜன்னலில் விரலால் பெயரெழுதும் அளவு படிந்திருக்கிறது.
மார்ஷ்ருத்காவில் ஒற்றைக்காலில் நின்று வந்து
மூன்றாம் மாடி ஏறுகிறேன்.

நாற்பது எலிகள்.
எண்ணால் மட்டுமே அழைக்கவேண்டும் என்பது விதி.
இருபத்தேழுக்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன்,
சொல்லமாட்டேன்.

முதல் பத்துக்கு விலக்கு.
மற்ற முப்பதையும்
காலை ஒன்பது முதல் பதினொன்று வரை
ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழலில் நுழைத்து
மூடியைத் திருகுகிறேன்.
வலி இல்லை.
இருட்டும் இல்லை.
நகர முடியாது, அவ்வளவுதான்.
இந்த அவ்வளவுதான்
இருபத்தெட்டு நாள் நீண்டால்
ரத்தத்தில் கொழுப்பு ஏறுமாம்.
முனைவர் ஷார்ஷெனொவா சொல்வார்:
பயந்த உடம்பு ஓடுவதற்கென்று
எரிபொருளை இறக்கிவைக்கிறது,
ஓட இடமில்லாதபோது
அது அங்கேயே மிதக்கிறது.

பிறகு மருந்து.
பத்துக்குத் தொலோனோ,
மலைச்சரிவில் முள்ளோடு நிற்கும் சிவப்புக் கனி.
பத்துக்குச் சிச்சிர்கனாக்,
பறிப்பவள் கையை ஒரு வாரம் மஞ்சளாக்கும்.
மூட்டை மூட்டையாக வந்தவை
சாராயத்தில் ஊறி, வடிந்து, ஆவியாகி
கரண்டியளவு அரக்குப் பிசுக்காக மிஞ்சின.
பதினொன்று முதல் இருபது வரை
வெறும் தண்ணீர்.
அதே ஊசி, அதே அளவு.
எது தனக்குக் கிடைக்கிறது என்று
எலிக்குத் தெரியாது.

என் கைபேசியில்
வங்கி எனக்கு முன்னால் எழுந்துவிடும்.
யெகாதெரின்பர்க்கில் கெனெஷ் செங்கல் ஏற்றுகிறான்,
அனுமதிச்சீட்டு முடிந்து பதினோரு நாள்.
அவன் அழைத்தாலும் பக்கென்கிறது,
அழைக்காவிட்டாலும்.

இருபத்தெட்டாம் நாள் ரத்தம் எடுத்தோம்.
எல்லோரும் சாப்பிடப் போனபின்
இடக்கையில் துணியை இறுக்கி
பல்லால் முடிச்சிட்டேன்.
சுழலியில் எடை சமமாக நிற்கவேண்டும்;
என் குழாய்க்கு எதிரே
ஒரு தண்ணீர்க் குழாய் வைத்தேன்.

சுற்றி நின்றதும் தூக்கிப் பார்த்தேன்.
முதல் பத்து, வைக்கோல் நிறத்தில் தெளிவு.
பதினொன்று முதல் இருபது வரை
குதிரைப்பால் கலந்தாற்போல்.
தொலோனோ கொஞ்சம் இறக்கியிருக்கிறது,
இருபத்தேழு ஏறக்குறையத் தெளிவு
(இதில் என் பங்கு எதுவுமில்லை).
நாற்பத்தொன்றுக்குப் பின்னால் விரலை வைத்தேன்.
விரல் தெரியவில்லை.

தாளைப் புரட்டிய ஷார்ஷெனொவா
கண்ணாடியைக் கழற்றினார்.
எலி நாற்பதுதானே?
ஆமாம்.
இது எந்தக் குழு?
தண்ணீர்க் குழு, என்றேன்.

அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.
அடித்தாரா அடிக்கோடிட்டாரா,
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

மாலை குளிர்பெட்டியில் அரைப்புட்டி பிசுக்கு இருந்தது.
எலியின் எடைக்கு எவ்வளவு என்பது மனப்பாடம்.
அறுபத்தெட்டு கிலோவுக்குக்
கையுறையின் மேலேயே கணக்குப் போட்டேன்.
நாளுக்கு ஒரு மலைச்சரிவு வேண்டும்.

பையில் கைபேசி அதிர்ந்தது.
முதலில் புட்டியின் மூடியைத்
திருகி மூடினேன்.