பூச்சியம்

மழை விட்டு மூன்றாம் நாள்.
மாங்குளத்துக்கு மேற்கே
தவநேசனின் மிளகாய்த் தோட்டம்.
தகரச் சட்டகத்தை மண்ணில் அழுத்துகிறேன்:
இருபத்தைந்துக்கு இருபத்தைந்து சதமமீற்றர்.
தோண்டும் ஆழம் முப்பது.

முழங்காலில் இருக்க எனக்குப் பழக்கம்.
ஆறு வருசம் இந்தப் பக்கமெல்லாம் முழங்காலில்தான் வந்தேன்
முகத்துக்கு முன்னால் கண்ணாடி மறைப்பும்
மார்பில் பாரச் சட்டையுமாய்,
மிதிவெடி தேடிக்கொண்டு.
ஒரு பாய் அகலம் நகர்ந்தால்
அது நல்ல நாள்.

இப்போது சம்பளம், புழு எண்ண.

மிருணாளினி மிஸ் தந்த தாளில்
மண்புழு என்று இருக்கிறது.
நாங்கள் நாக்கிளிப்புழு என்போம்.
கடுகுத்தண்ணி ஊற்றிப் பத்து நிமிசம் பார்க்கவேண்டும்.
காரம் பொறுக்காமல் மேலே வரும்.
வரவேண்டும்.

எல்லைப் பாலைமரத்தின் கீழே,
மருந்துப் புகார் எட்டாத இடத்தில், பதினொன்று.
முதல் பாத்தி: இல்லை.
அடுத்தது: இல்லை.
மூன்றாவதில் ஒன்று வந்தது,
வந்தது என்றும் சொல்ல ஏலாது.
நூலில் முடிச்சுப் போட்டாற்போல்
இடைக்கிடை வீங்கி
வாலைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு
தன்னைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது.

இதே காணி. இலக்கம்கூட எனக்கு நினைவு.
பதினாறு வருசம் யாரும் கால் வைக்காத மண்
கரண்டி பட்டவுடன் பொலபொலவென்று விழும்.
என் ஊசிக்கம்பிக்கு முன்னால்
ஈரமாய் ஒன்று நெளியும்.
அது கடக்கும்வரை காத்திருப்பேன்.
அவசரப்படக்கூடாத வேலை அது.
ஒருநாள் வெடியின் மூடியிலேயே
உருண்டை உருண்டையாய்ப் புழு கழித்த மண்.
வெடிக்க அஞ்சு கிலோ பாரமாவது வேண்டும்.
புழுவுக்கு ஒரு கிராம் தேறாது.
ஊரே பயந்த இடத்தில்
அவை குடும்பம் நடத்தின.

பிறகு நாங்கள் எல்லாம் எடுத்தோம்.
"இந்நிலம் பாதுகாப்பானது"
என்று தாள் கொடுத்தோம்.
தவநேசன் அதைப் பிளாஸ்ரிக் உறையிட்டு
பம்ப் கொட்டிலில் தொங்கவிட்டிருக்கிறான்.
பக்கத்து ஆணியில் கைத்தெளிப்பான்.
கீழே வரிசையாய்ப் போத்தல்கள்;
கடைக்காரன் சொன்ன கணக்கில்
மூன்றை ஒன்றாய்க் கலக்கிறான்.
இலை சுருண்டால் லீசிங்காரன் தவணை விடமாட்டான்.
அவனை நான் என்ன சொல்ல?

"எத்தினை?" என்று வந்து நின்றான்.
சொன்னேன்.
"புழு இல்லாட்டி நல்லம்தானே,
மருந்து வேலை செய்யுது" என்று சிரித்தான்.
சிரிப்பு முடியவில்லை,
பாத்திகளுக்கு நடுவே பார்த்தான்.
மூன்று நாளாகியும் வடியாத மழைத்தண்ணி,
அதில் ஒரு துண்டு வானம்.
"இந்த முறைதான் இப்படி நிக்குது" என்றான்,
என்னிடமில்லை.

கட்டத்தில் பூச்சியம் எழுதினேன்.
அந்த நாளில் இதே காணிக்குக்
கண்டெடுத்தவை என்ற நிரலில்
பூச்சியம் எழுதின பின்னேரம்
ஆளாளுக்கு ஒரு சோடா உடைத்தோம்.
அதே கை. எழுத்துத்தான் கொஞ்சம் சரிந்துவிட்டது.

தோண்டிய இடங்களை மறக்காதிருக்க
வீட்டில் மிச்சமிருந்த
தலை சிவத்த தடிகளை நட்டு வைத்தேன்.
வேறு தடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அவன் மகள்
வரம்பில் ஓடிவந்தவள்
சிவப்பைக் கண்டு
தூக்கிய காலைப் பின்னுக்கு வைத்தாள்.
படிப்பித்திருக்கிறார்கள்.

"அன்ரி, இன்னும் இருக்குதா?"

"இல்லை" என்றேன்.
"ஒண்டும் இல்லை. வா."