அப்பளம் தின்ற பேய்

மஞ்சக்குப்பம் மைதானத்தில்
ராட்டினத்துக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் நடுவே
தகரம் அடித்த பேய் வீடு.
ஆளுக்கு ஐம்பது. மூன்று வயசுக்குக் கீழே இலவசம்.
"மகிணனுக்கு ரெண்டே முக்கால்" என்றேன்.
சீட்டு கிழிப்பவர் அவன் பல்லைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், விட்டுவிட்டார்.

உள்ளே டீசல் புகை. நீல பல்பு.
எங்கோ ஒரு ஸ்பீக்கர் ஒரே சிரிப்பைத் திரும்பத் திரும்ப.
என் துப்பட்டா நுனியைக் கயிறாய் முறுக்கியபடி
"எல்லாம் பொம்மைம்மா, பயப்படாத"
என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள் தாரகை.

திருப்பத்தில் ஒன்று பாய்ந்தது:
கோரைப் பல், சடை, கையில் சைக்கிள் சங்கிலி.
சின்னவன் அழவில்லை.
தன் நெஞ்சளவு டெல்லி அப்பளத்தில்
ஒரு விள்ளல் ஒடித்து நீட்டினான்.
பேய் யோசித்தது.
அடுத்த கூட்டம் வரவில்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டு
முகத்தைக் கழற்றித் தின்றது.

அப்போதுதான் தாரகை அலறினாள்.
உள்ளே இருந்தது
பள்ளி வேன் ஓட்டும் சவரி அண்ணன்.

திங்கள் காலை
கூத்தப்பாக்கம் முனையில் அதே ஹாரன்.
அவள் ஏறவில்லை.
ஜன்னலருகே போய் வாயைத் திறக்கச் சொன்னாள்.
அவரும் திறந்தார், ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே.
மேல் வரிசை, கீழ் வரிசை.
பிறகு
பையை மட்டும் முதலில் ஏற்றினாள்.