மெழுகு சுரண்டுதல்

பதினேழு வருடம்
பங்குச் சபைப் பொருளாளர் நான்.
முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே
எழுதாமலே என் பெயர் எழுதிய இடம்.
ஆண்டவர் முன்னால் என் கணக்காவது
சதத்துக்குச் சதம் சரி என்று
முழந்தாளில் நின்றபடியே நம்பியிருந்தேன்.

மாசியில் கை உயர்த்தச் சொன்னார்கள்.
கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும்
டட்லி கூஞ்ஞவுக்கு நாற்பத்தொன்று.
எனக்கு ஒன்பது.
ஒன்பதில் ஒன்று என் மனைவி.
இன்னொன்று நானே.

சுவாமி தோளில் கை வைத்தார்.
"திரி ஏற்றுகிற தட்டுகள் இருக்கே,
மெழுகு சுரண்ட ஆளில்லை."
பகிடி என்று நினைத்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

முகத்துவாரத்தில் செவ்வாய் என்றால்
கடல் வெளுக்க முன்னமே சனம்.
துறைமுகத்துக்கு இறங்குமுன் ஒரு நிமிடம் நிற்கிறவர்கள்,
கத்தார் விசாவுக்குக் காத்திருக்கும் பொடியன்,
நெற்றியில் திருநீறு கலையாமல் ஒருத்தி,
முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவோரமாய் இன்னொருத்தி.
எல்லாம் ஒரே தகரத்தில் உருகிக் கிடக்கும்.
இது யாருடைய வட்டிக் கடன்,
இது எந்தப் பிள்ளையின் காய்ச்சல்
என்று பிரிக்க முடியாது.

மணி அடிக்கும் லூர்துநாயகம் தந்த இரும்புத் தகடு
தட்டைக் கீறியது.
பர்ஸில் கிடந்தது என் பழைய கந்தோர் அட்டை:
ர. மொறாயஸ், பிரதம கணக்காளர்.
பிளாஸ்டிக். ஓரம் நல்ல கூர்.
ஓய்வு பெற்ற ஆறு வருடத்தில்
முதல் தடவையாக ஒரு வேலைக்கு உதவியது.

முழங்கால் நொந்தது. அதைவிட மற்றது நொந்தது.
சுரண்டச் சுரண்ட டட்லியின் கணக்கில் பிழை தேடினேன்.
மைக் கரகரக்காமல் பேசியதுகூட
எனக்கு எதிரான சதியாய்ப் பட்டது.

பிறகு ஒரு செவ்வாய்,
மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தாள்
ஒரு சிங்களப் பெண்.
திரியை ஏற்றிக் கும்பிட்டுத் திரும்பியவள்
என் குனிந்த முதுகைப் பார்த்தாள்,
கையில் ஒட்டிய மெழுகைப் பார்த்தாள்.
"பவ், மாத்தயா" என்று
ஐம்பது ரூபாய் ஒன்றை உள்ளங்கையில் வைத்து
என் விரல்களைத் தானே மடித்துவிட்டாள்.

வாய் திறந்தேன்.
நான் யார் தெரியுமா என்ற வசனம்
மூன்று பாஷையிலும் தயாராய் நின்றது.
கையைப் பார்த்தேன்.
அட்டையில் 'பிரதம' தேய்ந்து போயிருந்தது,
மிச்சத்தை மெழுகு மூடியிருந்தது.

"ஸ்துதி" என்றேன்.

அவள் பாஷையில் அது நன்றி.
எங்கள் செபப் புத்தகத்தில் துதி.
எத்தனை வருடம் வாசித்த சொல்!
அன்றைக்குத்தான் சொன்னேன்.

அவள் போனபின் சிரிப்பு வந்தது.
அடி வயிற்றிலிருந்து, அடக்க முடியாமல்,
திரிகள் எல்லாம் ஆடுகிற மாதிரி.
மனுசனுக்கு என்னவோ என்று
தும்புத்தடியோடு ஓடி வந்தார் லூர்துநாயகம்.
சொல்லத் தெரியவில்லை.
பதினேழு வருடம் சுமந்த ஒரு சாக்கை
யாரோ முதுகிலிருந்து எடுத்துக்கொண்டு
கூலியும் தந்துவிட்டுப் போனது போல.

ஞாயிறு பூசை முடிய
நோட்டை டட்லியின் மேசையில் வைத்தேன்.
"இதை எங்கே பதிய?"
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான்.
"காணிக்கையா?"
"இல்லை. எனக்குக் கிடைத்த பிச்சை."
பக்கங்களைப் புரட்டினான், திரும்பப் புரட்டினான்.
"அதுக்கு நிரல் ஒன்றும் இல்லையே, அங்கிள்."

தெரியும், தம்பி.
அந்தப் பேரேட்டுக்குக் கோடு கீறினவனே
நான்தான்.