நான்காவது நாற்காலி

தெமிர்தாவில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே ஐந்து நடுவர்; நான்காவது நாற்காலி என்னுடையது.

நாற்பத்தெட்டு கிலோ. நீல மூலையில் மிராஸ், வயது பதினைந்து.
இடது கையால் அவன் குத்துவதில்லை,
பக்கத்து வீட்டுக் கதவைப்போல் தட்டுகிறான்;
திறந்ததும் வலது நுழைகிறது.

இரண்டாம் சுற்றில் எனக்குத் தும்மல்.
கண் திறப்பதற்குள்
அரங்கம் எழுந்து நின்று கத்துகிறது.
எதற்கென்று யாரைக் கேட்பது?
காணாத குத்துக்குப் புள்ளி கிடையாது.
மணி அடித்ததும்
சிவப்புக்கு அழுத்தினேன்: பத்து, ஒன்பது.

மூன்றுக்கு இரண்டு.
ரெஃபரி உயர்த்தியது சிவப்பின் கையை.

தேநீர் வரிசையில்
மூக்கில் பஞ்சோடு எனக்கு முன்னால் நின்றான்.
திரும்பினான்.
"தும்மல் நின்றதா?"

கேலியா என்று முகத்தில் தேடினேன்;
வீக்கம்தான் இருந்தது.
தன் எலுமிச்சைத் துண்டை எடுத்து
என் கோப்பையில் போட்டுவிட்டுப் போனான்.