பதினெட்டு நானோமீட்டர்

கழனிவாசல் முலாம் பட்டறையிலிருந்து
பவண்டோ பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர்
கொண்டுவந்திருந்தார் சேவுகப்பெருமாள்.
"குடிக்கலாமா? அதை மட்டும் சொல்லுங்க."

ஏழாவது முறை சமைத்துத் தேறிய மூலக்கூறு.
குப்பியின் அடியில் ஒட்டிய மஞ்சள் பொடி,
கரைத்தால் இருட்டு.
துத்தநாகம் வந்து கைபிடித்தால் பச்சை.
நேற்று உயிரணுக்களுக்குள் விட்டேன்.
கருவை மட்டும் கறுப்பாக விட்டுவிட்டு
சுற்றிலும் புள்ளி புள்ளியாய் எரிந்தது.
உயிருக்கு வேண்டிய உலோகம் என்று
ஆய்வகத்தில் ஆளுக்கொரு சீயம் தின்றோம்.

இன்று இந்தத் தண்ணீரிலும்
அதே பச்சை.

காட்மியம் கைநீட்டினாலும் போய்விடும் பிள்ளை இது.
மருந்துக்கும் நஞ்சுக்கும் ஒரே சிரிப்பு.
கண்ணுக்கு வித்தியாசமில்லை;
கருவிதான் கோடு போட்டுக் காட்டுகிறது,
உச்சி பதினெட்டு நானோமீட்டர்
மஞ்சள் பக்கம் சாய்ந்திருப்பதை.
மூன்று தடவை அளந்தேன்.
மூன்று தடவையும் பதினெட்டு.

"குடிக்காதீங்க."
"எதுவரைக்கும்?"
பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே
அவரே கணக்குப் போட்டார்:
"பதினோரு வருஷம் குடிச்சாச்சே."
காலி பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கல்லுக்கட்டியில்
எண்ணெய்க்கு ஐந்நூறை நீட்டினேன்.
கள்ளநோட்டு விளக்கடியில்
நோட்டை விட்டுவிட்டு
என் விரலையே பார்க்கிறார் கடைக்காரர்.
"என்னம்மா கையில, பெயிண்டா?"

கையுறை எங்கோ கிழிந்திருக்கிறது.
நகக்கண்ணில் பச்சை.

வியர்வையில் இருக்கும் துத்தநாகமாக
இருக்கலாம்.
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.